எஞ்சினின் நாடி பார்த்தல்

பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியைத் தாண்டி, வேலணை வழியே ஊர்காவற்றுறைக்கோ, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் துறைக்கோ செல்பவர்கள், பழைய ஒஸ்ரின் கார் ஒன்றின் பின்னாற் செல்ல நேர்ந்தால், அதன் ஓசையைக் கவனித்திருப்பார்கள். தையல் இயந்திரம் ஓடுவதைப் போன்று 'டிக், டிக், டிக்' என்று ஒரே சீராக எழும் ஓசை அது. கடல் நடுவே செல்லும்போது அவ்வோசை காற்றிற் சிதறிவிடும். ஊருக்குள் நுழைந்து இருமருங்கும் மதில்கள் தோன்றியதும் மீண்டும் தெளிவாகக் கேட்கும். காரின் சொந்தக்காரருக்கு அது பழகிப்போன ஓசை. புதிதாக ஏறி அமர்ந்தவருக்கோ, 'இதென்ன, படகைப் பிடிப்பதற்கு முன் வழியில் நின்றுவிடுமோ?' என்ற கலக்கம் உண்டாகும்.

அந்த ஓசை எங்கிருந்து வருகிறது, எப்பொழுது அஞ்ச வேண்டும், எப்பொழுது அஞ்ச வேண்டியதில்லை என்பதை ஆராயப் புகுந்த நாம், முதலில் ஒரு வியப்பான உறவைச் சொல்லிவிட வேண்டும். மேலைநாடுகளில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கூரையைத் திறந்துவிட்டுப் பறந்து செல்லும் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும், அது ஏதோ வேற்றுலகப் பொருள் என்று நம் மாணவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராகவும் கல்யாணக் காராகவும் ஓடித் தேய்ந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும், மொறிஸ் மைனருக்கும், இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கும் உள்ளிருந்து துடித்த இதயம் ஒன்றே.

1952 ஆம் ஆண்டில் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் குழுவும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாயின. எம்.ஜி. காரும் மொறிஸ் குழுவைச் சேர்ந்ததே. ஆதலின், இரண்டு மூன்று வகை எஞ்சின்களையே வார்த்து, அவற்றைப் பல கார்களுக்குப் பொருத்துவது அவர்களுக்கு இலாபமாயிற்று. 'ஏ வரிசை' என்ற சிறிய எஞ்சின் 1951 இல் பிறந்தது. 1956 இல் மொறிஸ் மைனர் 1000 காரில் வந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின்தான், 1958 இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும், 1961 இல் எம்.ஜி. மிட்ஜெற்றிலும் அமர்ந்தது. சற்றுப் பெரியதான 'பீ வரிசை' எஞ்சினின் கதையும் இதுவே. கேம்பிறிட்ஜில் இருந்த 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 1955 இல் எம்.ஜி.ஏ. காரில் ஓடியது, 1961 இல் வந்த கேம்பிறிட்ஜ் ஏ 60 காரின் 1622 கன சென்ரிமீற்றர் அளவே அதே ஆண்டின் எம்.ஜி.ஏ. காரிலும் காணப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இரட்டைக் காபரேற்றரும், சற்று வேறான காம் தண்டும், கூடிய அழுத்தமும் வழங்கினார்கள். மற்றப்படி, மூடியைக் கழற்றினால் அண்ணனும் தம்பியும் போலத்தான்.

ஆகவே, அபிங்டனில் உருவான எம்.ஜி. ஒன்றின் 'டிக்' ஓசையைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர், ஊர்காவற்றுறையில் நிற்கும் ஒஸ்ரினின் மூடியைத் திறந்து பார்த்தாலே போதும்.

இடைவெளி என்னும் இரகசியம்

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று பெற்றோல் கலந்த காற்றை உள்ளே விடுவது; மற்றது எரிந்த புகையை வெளியேற்றுவது. நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள். கீழே சுழலும் காம் தண்டின் மேடுகள், 'ரப்பெற்' எனப்படும் சிறு குமிழ்களை மேலே உயர்த்துகின்றன. ரப்பெற் நீண்ட தள்ளுதண்டைத் தள்ளுகிறது. தள்ளுதண்டு, ஏற்றப்பலகை போல ஏறியிறங்கும் றொக்கரின் ஒரு முனையை உயர்த்துகிறது. றொக்கரின் மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. கிணற்றில் துலா மிதித்ததைக் கண்டவர்களுக்கு இவ்வேலையை விளக்கத் தேவையில்லை.

இத்தனை உறுப்புகளும் உலோகம். உலோகம் சூடேறினால் நீளும். ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இடைவெளியின்றி இவற்றைப் பொருத்திவிட்டால், எஞ்சின் சூடேறியதும் நீண்டு, வால்வை முழுமையாக மூடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். இதைத் தவிர்ப்பதற்காகவே றொக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே மயிரிழை போன்ற ஓர் இடைவெளியை வேண்டுமென்றே விடுகிறார்கள். ஏ வரிசை எஞ்சினுக்கு அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. பீ வரிசைக்கு 15 பங்கு. மில்லிமீற்றர்க் கணக்கில் முறையே 0.3 உம் 0.38 உம் என்று கொள்ளலாம்.

அந்த இடைவெளியைக் கடந்து றொக்கர் வால்வைத் தட்டும்போது எழுவதே 'டிக்'. காம் தண்டு எஞ்சினின் வேகத்திற் பாதி வேகத்திலேயே சுழல்வதால், நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு 400 முறை தட்டும். அதாவது ஒரு நொடிக்கு ஆறேழு தட்டு. எட்டு வால்வுகளும் சம இடைவெளியில் இருந்தால் எழுவது மெல்லிய முணுமுணுப்பு. அவற்றுள் ஒன்றின் இடைவெளி மட்டும் அகன்றுவிட்டால், கூட்டத்தில் ஒருவர் மட்டும் தாளம் தப்பிக் கைதட்டுவது போல் அந்த ஒரு தட்டுத் தனியே கேட்கும்.

எது அந்த ஒன்று? இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பிரெஞ்சு வைத்தியர் லேனெக் 1816 இல் ஒரு கடதாசிச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரல்லவா? மெக்கானிக்கும் அதையே செய்கிறார். நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினின் உடலில் வைத்து, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, இடம் மாற்றி மாற்றிக் கேட்கிறார். ஓசை கூர்மையாகக் கேட்கும் இடமே அதன் பிறப்பிடம். வேட்டியின் தலைப்பும் சால்வையும் நீண்ட கூந்தலும் ஓடும் விசிறிக்கு மிகவும் பிடித்தமானவை என்பதை மட்டும் இங்கே நினைவூட்டி வைக்கிறோம்.

மேல்மூடியைக் கழற்றிவிட்டு மெதுவாக எஞ்சினை ஓடவிட்டால் இன்னும் உறுதியாக அறியலாம். மெல்லிய உருக்குத் தகடுகளைக் கொண்ட அளவுகோலின் ஒரு தகட்டை, ஒவ்வொரு றொக்கருக்கும் வால்வுக்கும் இடையே செருகிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் தகடு நுழைந்ததும் ஓசை அடங்குகிறதோ, அங்கேதான் குற்றம்.

இனி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அந்த வால்வு முழுதும் மூடிய நிலையில் இருக்க வேண்டுமே, அதை எப்படி அறிவது? இங்கேதான் பழைய மெக்கானிக்குகள் போற்றிய 'ஒன்பதின் கணக்கு' வருகிறது. முன்புறத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை இலக்கமிடுங்கள். 8 ஆவது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1 ஆவதைச் சரிசெய்யலாம். 6 ஆவது திறந்திருக்கும்போது 3 ஆவதை. 5 ஆவது திறந்திருக்கும்போது 4 ஆவதை. 2 ஆவது திறந்திருக்கும்போது 7 ஆவதை. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 9. முதற் சிலிண்டரும் நான்காவது சிலிண்டரும், இரண்டாவதும் மூன்றாவதும், காம் தண்டின் சுழற்சியில் அரைச்சுற்று எதிரெதிராக இருப்பதாலும், வால்வுகள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதாலும் இது பொருந்தி வருகிறது. கணிதத்திற் சலிப்புற்ற மாணவர் எவரையேனும் இந்த எஞ்சினின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

அடங்கிய ஓசையின் ஆபத்து

இதுவரை கூறியவை எளியவை. எஞ்சின்கள் பல பாழாவது இதற்கு அடுத்த படியிலேதான்.

தட்டும் ஓசை பிடிக்காத சொந்தக்காரர், 'சத்தமே வரக்கூடாது, இறுக்கிவிடு' என்கிறார். மெக்கானிக்கும் இறுக்கிவிடுகிறார். கார் பட்டுப்போல் ஓடுகிறது. சொந்தக்காரர் மனம் குளிர்கிறது. உள்ளே நடப்பது வேறு. புகை வால்வு, ஓடும் எஞ்சினில் செந்தணலாய்ச் சூடேறும் உறுப்பு. அது தன் சூட்டின் பெரும்பகுதியைத் தணித்துக்கொள்வது, மூடியிருக்கும் அந்தச் சிறு கணத்தில், தன் இருக்கையோடு ஒட்டியிருக்கும்போதுதான். இடைவெளியை இல்லாமற் செய்தால், அந்த ஓய்வு அதற்குக் கிடைப்பதில்லை. முழுதும் மூடாத விளிம்பின் வழியே எரியும் வாயு கசிந்து, விளிம்பை அரித்துக் கருக்கிவிடுகிறது. சில ஆயிரம் மைல்களில் அந்தச் சிலிண்டர் வலுவிழந்து, கார் நொண்டத் தொடங்குகிறது. சிறிதே தட்டும் வால்வுதான் சுகமாயிருக்கிறது என்று இங்கிலாந்து மெக்கானிக்குகள் சொல்வது வேடிக்கைக்காக அன்று.

வேறொரு பொறியும் உண்டு. நெடுங்காலம் ஓடிய றொக்கரின் முனையில், வால்வு பட்டுப் பட்டுச் சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான அளவுத்தகடு அந்தக் குழிக்குள் இறங்காது. இரு விளிம்புகளுக்கும் மேலே பாலம் போட்டாற்போலக் கிடக்கும். தகடு காட்டுவது சரியான அளவு. உண்மையான இடைவெளியோ அதைவிடப் பெரியது. எத்தனை முறை சரிசெய்தாலும் தட்டும் ஓசை போகவில்லையென்றால் திருகாணியை மேலும் இறுக்குவது பேதைமை. றொக்கரைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பதே முறை.

யாழ்ப்பாணத்து எஞ்சின்களுக்கு வேறெங்கும் காணாத ஒரு சோதனை நேர்ந்தது. 1990 முதல், பொருளாதாரத் தடையின் ஆண்டுகளில், பெற்றோல் மருந்துபோல் துளிக்கணக்கில் அளந்து பயன்படுத்தப்பட்டது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு மோட்டார்களைத் தம் வள்ளங்களில் பூட்டிய மீனவருக்கு இந்த உபாயம் புதிதன்று. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை இதைத் தாங்கின. புதிய கார்கள் திகைத்து நின்றன. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிக்கொண்டு அந்நாட்களில் ஓடியவை இந்தக் கிழட்டுக் கார்களே.

ஆயினும் விலை கொடுக்காமல் எதுவும் கிடைப்பதில்லை. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, கீழேயுள்ள எண்ணெயிற் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்தது. எண்ணெய்க்கோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்கு மாறாகக் கூடியிருக்கும்! இதைக் கண்டு மகிழ்ந்தவரும் இருந்திருக்கலாம். நீர்த்த எண்ணெய் றொக்கர் தண்டையும் பேறிங்குகளையும் காக்கவில்லை, அவை தேய்ந்தன, ஓசைகள் பெருகின. மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் கண்ணாடிக் குண்டுகளைத் தகரத்திற் கொட்டினாற்போல் 'கிளிங், கிளிங்' என்ற மற்றோர் ஓசையும் எழுந்தது. அது வால்வின் ஓசையன்று; எரிபொருள் தன் நேரத்துக்கு முன் தானே வெடிப்பதால் எழுவது. முடுக்கியை விட்டதும் அது மறையும். வால்வின் தட்டோ எஞ்சின் சும்மா நிற்கும்போதும் தொடரும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வால்விற் கைவைத்தவர்கள் வீண் வேலை செய்தார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்று 2002 இல் நேர்ந்தது. அவ்வாண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்வது ஈயம். அதை நிறுத்தியது நல்லதே. ஆனால் அந்தப் பழைய எஞ்சின்களின் வார்ப்பிரும்புத் தலைகளில், வால்வின் இருக்கைக்கு மெல்லிய காப்புப் பூச்சாக இருந்ததும் அந்த ஈயந்தான். அது போனபின், வேகமாகவும் பாரத்தோடும் ஓடும் கார்களில் புகை வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு சிறிது சிறிதாக மேலே புதைகிறது. வால்வு மேலேறினால் றொக்கருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் ஓசை குறையும். வயதான கார் ஒன்று நாளுக்கு நாள் அமைதியாகி வருகிறதென்றால், அது கிழம் இளமை திரும்பியதற்கு அடையாளமன்று. அடிக்கடி இடைவெளியை அளந்து பார்த்து, குறைந்துகொண்டே வருமாயின், எஞ்சின் தலையைக் கழற்றிக் கடினமான உருக்கு வளையங்களை இருக்கைகளாகப் பொருத்திக்கொள்வது நல்லது. எம்.ஜி. வைத்திருக்கும் ஆங்கிலேயரும் இதையே செய்கிறார்கள்.

வால்வைப் போல் நடிப்பவை

தட்டும் ஓசையெல்லாம் வால்வின் ஓசையாகிவிடாது. உப்புக் காற்று நான்கு புறமும் வீசும் நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில் இரும்பு படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினையும் புகைக்குழாயையும் இணைக்கும் தண்டுகள் துருப்பிடித்து இளகினால், இடையிலுள்ள கசிவின் வழியே புகை 'டப், டப்' என்று துப்பும். அது 'டிக்' என்றே கேட்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உரத்தும், சூடேறி உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதும் தணிந்தும் ஒலிப்பது இதன் இயல்பு. கசியும் இடத்தருகே கரி படிந்திருப்பதும் காட்டிக்கொடுக்கும்.

மின்கம்பிகளின் மேல் படியும் உப்பு மற்றொரு நடிகன். இரவுப் பனியில் அது ஈரமாகி, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எஞ்சினின் உடலுக்குத் திருப்பிவிடுகிறது. அப்போது பொறி பாயும் 'டிக்' ஓசை கேட்கும். எஞ்சினும் இடையிடையே தடுமாறும். வெளிச்சமில்லாத இடத்தில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் நீலப் பொறி பாய்வது கண்ணுக்கே தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், எஞ்சின் நிற்கும்போது துடைத்து உலர்த்தினாலே சில சமயம் நோய் தீர்ந்துவிடும்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டிய ஓசை ஒன்றுண்டு. அது 'டிக்' அன்று. 'டொக், டொக்' என்று கீழிருந்து எழும் கனத்த ஓசை. பிஸ்டனின் தண்டு கிராங்குத் தண்டைப் பற்றியிருக்கும் பேறிங் தேய்ந்தால் இது பிறக்கும். வால்வுத் தட்டைவிட இரட்டை வேகம். எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. பாரம் ஏற ஏற உரக்கும். பழைய கார்களில், நன்கு உறையிட்ட இடுக்கியால் பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார்கள். ஒரு கம்பியை விலக்கியதும் ஓசை தணிந்தால், அந்தச் சிலிண்டரின் பேறிங்தான் முறையிடுகிறது. வால்வின் ஓசை இந்தச் சோதனைக்கு அசையாது. இன்றைய மின்னணுக் கார்களில் இப்பரீட்சையைச் செய்யக்கூடாது. அவற்றின் மின்னழுத்தம் கையையும் கருவியையும் ஒருங்கே பதம் பார்த்துவிடும்.

நெடுந்தீவுப் படகிற் சென்று பழகியவர்கள், 'எங்கள் டீசல் எஞ்சின் எப்பொழுதுமே இப்படித்தானே தட்டுகிறது?' என்று கேட்கலாம். டீசலில் எரிபொருள், அழுத்தத்தாற் சூடேறிய காற்றினுள் பீச்சப்பட்டுத் தானே தீப்பற்றுவதால், அந்தத் தட்டு அதன் பிறவிக் குணம். படகோட்டி கவனிப்பது தட்டு இருக்கிறதா என்பதையன்று. நேற்றைய தட்டும் இன்றைய தட்டும் ஒன்றா என்பதையே.

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இந்தக் கேள்வியே பொருந்துகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் தீவகத்துப் பிள்ளைகள் சிலர் இத்தகைய கார்களை விரும்பி வாங்குகிறார்கள். 1989 இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ். 5 காரின் முதல் எஞ்சின்களில் இடைவெளியைத் திருகாணியாற் சரிசெய்வதில்லை. எண்ணெய் நிரம்பிய சிறு குமிழ்கள் தாமே சரிசெய்துகொள்ளும். இரவெல்லாம் நின்ற காரில் அந்த எண்ணெய் வடிந்துபோவதால், காலையில் சிறிது நேரம் 'டிக், டிக்' என்று தட்டிவிட்டு அடங்கும். அடங்காவிட்டால் முதலிற் செய்ய வேண்டியது எண்ணெயை மாற்றுவது. பெற்றோலைச் சிலிண்டருக்குள் நேரே பீச்சும் புதிய எஞ்சின்களிலோ, பீச்சும் குழல்கள் திறந்து மூடும் 'டிக்' ஓசை பிறந்த நாள் முதல் உண்டு. அதை நோயென்று எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. போர்ஷே 911 காரின் சில தலைமுறைகளில் சிலிண்டர்ச் சுவரே கீறுண்டு, எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தட்டு எழுவதுண்டு. அங்கே காது மட்டும் போதாது. பிளக்குத் துவாரத்தின் வழியே சிறு கமராவைச் செலுத்திச் சுவரைப் பார்க்க வேண்டும்.

காரை ஓட்டிக்கொண்டு போகையில் திடீரென ஓசை எழுந்தால் என்ன செய்வது? ஐயத்தைத் தெளிய, கண்ணாடியைத் தாழ்த்தி, மதிலோரமாக மெதுவாகச் செலுத்துங்கள்; மதில் ஓசையைத் திருப்பித் தரும். நெடுந்தீவின் கல்வேலிகள் இதற்கு மிகவும் உகந்தவை. பின்னர் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, எண்ணெய்க்கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள். மேலிருந்து எழும் மெல்லிய 'டிக்' என்றால் வேகத்தைக் குறைத்து வீடு போய்ச் சேரலாம். கராச்சுக்கு நாளை போகலாம். எண்ணெய் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, கீழிருந்து 'டொக், டொக்' என்று கேட்டாலோ, புங்குடுதீவுப் பாலத்தின் நடுவே நின்றாலும் சரி, படகு புறப்படும் நேரமானாலும் சரி, திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு மைல் ஓடினால் தண்டு முறிந்து எஞ்சினின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். கயிறு கட்டி இழுத்துச் செல்வதே வழி. இழுத்துச் செல்ல வருவது பழைய ஒஸ்ரின் ஒன்றாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.